வெட்டுக்கிளியின் பக்கம்

எறும்புகளைப் பற்றி எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது அதன் சமையலறையை. ராணி எப்படி முட்டையிடுகிறாள், போர் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் அப்புறம். இந்த ஆசிரியர் கண்ணாடிக்குள் எறும்பு வளர்த்தாரே, அதற்குச் சாப்பிட என்ன போட்டார்? அந்தச் சாப்பாட்டை யார் போய்ப் பிடித்தார்கள்? எப்படிக் கொன்றார்கள்? பெரும்பாலான புத்தகங்களில் இதற்கு அரைப் பக்கம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். "உணவு அளிக்கப்பட்டது" என்று ஒரு செயப்பாட்டு வினை, அவ்வளவுதான், மறுபடி ராணியிடம் போய்விடுவார்கள்.

எனக்கு இது வெறும் தகவல் குறையாகத் தெரியவில்லை. எழுத்தில் விழுந்த ஒரு ஓட்டையாகவே தெரிகிறது. வெளியில் இருக்கும் எறும்பு தானே வேட்டையாடும், இல்லையென்றால் செத்துக் கிடப்பதைத் தேடிப்போய் எடுத்துவரும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் எறும்பால் அது முடியாது. அப்படியானால் அந்த வேட்டை எங்கேயும் போய்விடவில்லை, எறும்பிடமிருந்து மனிதனின் கைக்கு மாறியிருக்கிறது. எறும்பு வளர்க்கிற ஒவ்வொருவரும் அந்தக் கூட்டின் வேட்டைக்காரர்தான். அவரே கதைசொல்லியாகவும் இருக்கும்போது தான் கொன்ற பக்கத்தை மட்டும் மெல்லக் கிழித்துவிட்டு மிச்சக் கதையைச் சொல்கிறார். ஒரு நாவலாசிரியர் இதைச் செய்தால் நாம் சும்மா விடுவோமா?

இந்தக் கேள்வியோடு சில எழுத்துகளை வாசித்துப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்தச் சமையலறை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எறும்பு வளர்ப்பு என்றதும் சர்க்கரைத் தண்ணியும் சோற்றுப் பருக்கையும்தான் பலருக்கு ஞாபகம் வரும்.

என் அக்கா மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், தாம்பரம் பக்கம் வீடு. முதல் மழை முடிந்த ஒரு ராத்திரியில் சிறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்து டெஸ்ட் ட்யூபில் விட்டான். ட்யூபின் அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு, வாயில் இன்னொரு பஞ்சு, மேலே இருட்டுக்காகச் சுற்றிய அலுமினியத் தாள். முதல் வேலைக்காரிகள் வரும்வரை அவளுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இனிமேல் பறக்கத் தேவைப்படாத சிறகுத் தசைகளைக் கரைத்துத்தான் அவள் முதல் பிள்ளைகளை வளர்க்கிறாள். அந்தப் பிள்ளைகள் வந்த பிறகுதான் சமையலறை திறக்கிறது. வளர்ந்த எறும்பின் எரிபொருள் இனிப்பு. தேன் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு போதும். ஆனால் புழுக்கள் வளர இனிப்பு போதாது, ராணி தொடர்ந்து முட்டையிடவும் போதாது. அதற்குப் புரதம் வேண்டும். புரதம் என்றால் பூச்சி.

கடையில் வளர்ப்புப் பூச்சி வாங்கலாம். மாவுப்புழுவும் பாச்சையும் அலங்கார மீன் கடைகள் சிலவற்றிலேயே கிடைக்கின்றன. அவன் வாங்கவில்லை. காசு ஒரு காரணம். இரண்டாவது காரணம் அவனுடைய பிடிவாதம்: "வெளியில இருக்கிறது வெளியில இருக்கிறதைத்தான சாப்பிடும்?" ஆனால் வெளியில் பிடித்த பூச்சியை அப்படியே போட்டுவிட முடியாது. அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. எங்கே பிடித்தது என்பதுதான் முதல் கேள்வி. கொசுமருந்துப் புகை வண்டி சமீபத்தில் போன தெருவா? மருந்தடித்த தோட்டமா? பட்டப்பகலில் தள்ளாடி நடக்கும் கரப்பானை அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான், அது ஏற்கெனவே விஷத்தைத் தின்றிருக்கும் என்பான். மரவட்டை கூடாது, நாற்றமடிக்கும் வண்டு கூடாது, உடம்பெல்லாம் முடியோடு இருக்கும் கம்பளிப்புழு கூடாது. 'என்னைத் தின்னாதே' என்று கலர் கலராக எச்சரிக்கும் எதுவுமே கூடாது.

ஒரு தடவை படிக்கட்டில் கிடந்த நல்ல பெரிய விட்டில் ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன்.

"சித்தி, இது செத்துக் கிடந்துச்சா, இல்ல நீங்க கொன்னீங்களா?"

"செத்துதான் கிடந்துச்சு."

"அப்ப வேணாம். எப்படிச் செத்துச்சுன்னு தெரியாததை உள்ள விடக்கூடாது."

இதை நான் ஒரு விமர்சனக் கோட்பாடாகவே எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் மேற்கொண்டு செய்யப்போவது அநேகமாக இதைத்தான்.

பிடித்த பூச்சி ஜிப் கவருக்குள் போகும், கவர் ஃப்ரீசருக்குள் போகும். இரண்டு நாள். ("மீன் வைக்கிற இடத்துல ஈயை வைக்கிறான்" என்று அக்காவுக்கு நிரந்தரப் புகார்.) குளிரில் பூச்சி மெதுவாக அசைவிழந்து சாகும். அதன்மேல் ஒட்டியிருக்கும் உண்ணிகளில் பெரும்பாலானவையும் சாகும். உண்ணிதான் வளர்ப்பவர்களின் பெரிய பயம். மூடிய கூட்டுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் எறும்புகளின் உடம்பிலேயே ஏறிப் பெருகிவிடும். அதனால் வெளியே எடுத்ததும் கொதிக்கும் தண்ணீரில் சில வினாடி முக்கி, டிஷ்யூவில் ஒற்றி, ஆறவைக்கிறான். அப்புறம் வெட்டுவது. வெட்டுக்கிளியின் பின்னங்கால் முள்ளாக இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். மார்பை நடுவில் பிளக்க வேண்டும். எட்டுப் பத்து எறும்புகள் மட்டுமே இருக்கும் சின்னக் கூட்டத்தால் அந்தத் தோட்டை உடைக்க முடியாது. உடைக்க முடிந்தாலும் வளர்ந்த எறும்பு கெட்டியான எதையும் விழுங்குவதில்லை. கடித்து, பிழிந்து, சாற்றை மட்டும் குடித்து, வயிற்றில் சுமந்து போய் மற்றவர்களுக்கு வாயோடு வாய் ஊட்டும். அதனால் சாறு வெளியே தெரியும்படி வெட்டிக் கொடுப்பதுதான் பரிமாறுவது. ஒரு துணுக்குக் காகிதத்தின்மேல் வைத்து உள்ளே விடுகிறான். மறுநாள் அந்தக் காகிதத்தோடு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இவ்வளவு வேலையும் ஒரு எறும்பு முதல் வாய் வைப்பதற்கு முன்னால் நடக்கிறது. இந்த வேலை எழுத்தில் எங்கே வருகிறது?

ஜான் லப்பக்கில் தொடங்கலாம். நவீன எறும்பு வளர்ப்புக்குத் தாத்தா என்று சொல்லத்தக்கவர். வங்கியாளர், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். 1871இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவரும் இவர்தான். ஊருக்கு லீவு வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து எறும்பு பார்த்த மனிதர் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். 1882இல் எறும்பு, தேனீ, குளவி பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய மண் படுகை, சுற்றிலும் தண்ணீர் அகழி. இன்று கடைகளில் விற்கும் எறும்புப் பெட்டிகளுக்கு இதுதான் மூதாதை. அவர் வளர்த்த ராணிகளில் ஒன்று கிட்டத்தட்ட 15 வருடம் வாழ்ந்தது. எறும்புகளின் உடலில் வண்ணப்புள்ளி வைத்து, அதிகாலையிலிருந்து இரவுவரை ஒரே எறும்பு எத்தனை தடவை வந்துபோகிறது என்று குறித்துக்கொண்டே இருப்பார்.

லப்பக்கின் உரைநடை சுத்தமானது. சுத்தம் என்பதைப் பாராட்டாகவும் சொல்கிறேன், குறையாகவும் சொல்கிறேன். அவருடைய எறும்புகள் என் ஞாபகத்தில் இருப்பது தேனோடுதான். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தேன், அதை நோக்கி நடக்கும் ஓர் எறும்பு, பக்கத்தில் நேரம். ரத்தமில்லாத மேசை அது. இதே மனிதர்தான் எறும்புகளுக்குச் சாராயம் ஏற்றிப் பார்த்தவரும். அவை தானாகக் குடிக்காததால் சில நொடி சாராயத்தில் முக்கியெடுத்தார். தெளிந்திருந்த எறும்புகள் போதையில் கிடந்த தம் கூட்டாளிகளைப் பெரும்பாலும் கூட்டுக்குத் தூக்கிப் போயின, அந்நியர்களைப் பெரும்பாலும் அகழித் தண்ணீரில் போட்டன. எறும்புக்குச் சொந்தம் வேறு, அந்நியர் வேறு என்று அந்தப் பக்கங்களில் நிரூபிக்கிறார். எனக்கென்னவோ அந்தச் சோதனை லப்பக்கையே விளக்குவதாகவும் படுகிறது. கூட்டுக்குள் இருப்பது எல்லாம் கவனத்துக்குரியது, கணக்குக்குரியது. கூட்டுக்கு வெளியே இருப்பது தண்ணீரில் போகலாம்.

ஃபாப்ரைப் படிக்கும்போதுதான் முதல்முறையாக ஒரு சமையலறை வாசனை வருகிறது. ழான் ஆன்ரி ஃபாப்ர் 1879இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், தெற்கு பிரான்சின் செரின்யானில் முள்ளும் கல்லுமான ஒரு நிலத்தை வாங்கிக் குடியேறி, சாகும்வரை பூச்சி பார்த்தார். பத்துத் தொகுதிகள். எறும்புகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அடிமை பிடிக்கும் சிவப்பெறும்புகளின் பாதையைக் கண்டுபிடிக்கத் தன் ஆறு வயதுப் பேத்தியிடம் சின்னச் சின்னக் கற்களைக் கொடுத்து வழியெல்லாம் போடச் சொன்ன இடம் ரொம்ப அழகானது. ஆனால் நான் தேடும் பக்கம் அவருடைய கும்பிடுபூச்சி அத்தியாயத்தில் இருக்கிறது. பெண் கும்பிடுபூச்சிகளைக் கம்பிவலைக் கூண்டுகளில் வைத்து வளர்க்கிறார். அவற்றுக்கு உயிருள்ள இரை வேண்டும், நிறைய வேண்டும், தினமும் வேண்டும். என்ன செய்தார்? சும்மா திரிந்த அக்கம்பக்கத்துப் பையன்கள் இரண்டு மூன்று பேரைப் பிடித்தார். கூலி ஒரு துண்டு ரொட்டி, இல்லையென்றால் ஒரு கீற்று முலாம்பழம். பையன்கள் காலையிலும் சாயங்காலமும் புல்வெளியில் இறங்கி, நாணல் குழாயில் செய்த சின்னக் கூடுகளில் வெட்டுக்கிளிகளை நிரப்பிக்கொண்டு வருவார்கள். அவரும் கையில் வலையோடு தோட்டத்தைச் சுற்றி வந்து தன் விருந்தாளிகளுக்கு விசேஷ இரை தேடுவார்.

இந்தப் பத்தியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பென்சிலை எடுத்து ஓரத்தில் கோடு போட்டேன். வேட்டைக்காரன் கதைக்குள் வந்துவிட்டான். கூலியோடு வந்துவிட்டான். பையன்களுக்குப் பெயர் இல்லை, உண்மை, ஆனால் கையும் வாயும் இருக்கிறது. இன்னொன்றும் ஃபாப்ர் சொல்கிறார்: தன்னுடைய கைதிகள் வீணடிக்கின்றன. ஒரு வெட்டுக்கிளியை இரண்டு கடி கடித்துவிட்டுத் தூக்கி எறிகின்றன. வெளியில் பட்டினி தெரிந்த பூச்சி இப்படிச் செய்யாது, அடைபட்டுக் கிடக்கும் சலிப்பை இது இப்படித் தீர்த்துக்கொள்கிறதோ என்று சந்தேகப்படுகிறார். ஊட்டுபவர் தன் ஊட்டலையே சந்தேகிக்கும் இந்த இரண்டு மூன்று வாக்கியங்களுக்காக அவருடைய மற்றப் பிடிவாதங்களை எல்லாம் மன்னிக்கலாம். பரிணாமக் கொள்கையைக் கடைசிவரை ஏற்காத மனிதர் அவர், மன்னிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம்தான்.

அதைவிட முக்கியமானது அடுத்து வருகிறது. கும்பிடுபூச்சி சிறகை விரித்துப் பேய்க்கோலம் காட்டுகிறது. எதிரே ஒரு பெரிய வெட்டுக்கிளி. வலுவான தொடை, ஒரே தாவில் தப்பிவிடலாம். தாவவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறது, சில நேரம் மெல்ல முன்னால்கூட நகர்கிறது. ஃபாப்ர் இங்கே நின்றுவிடுகிறார். இதன் தலைக்குள் என்ன நடக்கிறது? பயம் என்பது இதுதானா? பதில் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்துக்குக் கதை யாருடையது என்பது மாறிப்போகிறது. வெட்டுக்கிளியின் பக்கத்திலிருந்து ஒரு பார்வை. இரண்டு பத்திதான் இருக்கும், அதற்குப் பிறகு கும்பிடுபூச்சி தன் வேலையைப் பார்க்கிறது. பூச்சி எழுத்தில் இந்த இரண்டு பத்திக்கு நிகராக நான் வாசித்தது அதிகமில்லை.

ஈசாப்பின் சிள்வண்டு கதையை அவர் தலைகீழாகத் திருப்பியதும் இதே கண்ணால்தான். கோடை முழுக்கப் பாடிவிட்டு எறும்பிடம் பிச்சை கேட்கும் சோம்பேறி என்று நாம் பள்ளியில் படித்தோமே (தமிழில் அது வெட்டுக்கிளியாகிவிட்டது). ஃபாப்ர் பார்த்தது வேறு. சிள்வண்டு மரப்பட்டையைத் துளைத்துச் சாறு எடுக்கிறது. தாகத்தோடு வரும் எறும்புகள் அதன் காலைக் கடித்து, சிறகை இழுத்து, கிணற்றிலிருந்து விரட்டிவிட்டுக் குடிக்கின்றன. கோடை முடிந்து அது மண்ணில் விழுந்து கிடக்கும்போது, சிறகு இன்னும் துடித்துக்கொண்டிருக்கும்போதே, எறும்புகள் வந்து துண்டு போடுகின்றன. உழைப்பாளி எறும்பு என்ற நீதிக்கதைச் சித்திரத்தை உடைக்க அவருக்குக் கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. எறும்பு என்ன சாப்பிடுகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

மேட்டர்லிங்க் இதற்கு நேர் எதிர். நோபல் வாங்கிய பெல்ஜிய எழுத்தாளர், 1930இல் எறும்புகளின் வாழ்க்கை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். (அதற்கு முன் 1926இல் அவர் எழுதிய கறையான் புத்தகம் தன் ஆய்விலிருந்து திருடப்பட்டது என்று தென்னாப்பிரிக்காவின் யூஜீன் மரே குற்றம் சாட்டினார், அது தனிக் கதை.) எறும்பின் பொது வயிறு அவரை அப்படியே உருக வைக்கிறது. தனக்கென்று இல்லாமல் பிறருக்கு ஊட்டவே ஓர் உறுப்பு! தியாகம், தர்மம், பெருந்தன்மை என்று வாக்கியங்கள் பொங்குகின்றன. எனக்கு அந்தப் பக்கங்கள் ஒத்துவரவில்லை. அந்த வயிற்றில் நிரம்பியிருப்பது யாருடைய சாறு என்று கேட்காத தர்மம் என்ன தர்மம்? அன்னதானக் கூடத்தை வர்ணித்துவிட்டு அரிசி எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விடுவது மாதிரி.

இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் எறும்பு நூல், பெர்ட் ஹோல்டோப்லரும் எட்வர்ட் வில்சனும் சேர்ந்து எழுதிய 'எறும்புகள்'. 1990இல் வந்தது, 700 பக்கத்துக்கு மேல், மறுவருடம் புலிட்சர் பரிசு. இதை யாரும் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. தூக்கி மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். சேகரிப்பது, வளர்ப்பது, கவனிப்பது. அங்கேதான் சமையலறை இருக்கிறது, வீட்டின் பின்கட்டில் இருப்பதுபோல. பட்கர், விட்கோம்ப் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட செயற்கை உணவின் சமையல் குறிப்பு அங்கே வருகிறது: ஒரு முட்டை, 62 மில்லி தேன், கொஞ்சம் வைட்டமின், கொஞ்சம் உப்புச்சத்து, 5 கிராம் அகார், அரை லிட்டர் தண்ணீர். ஆற வைத்தால் ஜெல்லி மாதிரி உறையும். அதோடு கூடவே, புதிதாகக் கொன்ற பூச்சிகளின் துண்டுகளும் கொடுக்க வேண்டும். முட்டையும் தேனும் கலந்து எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்தாலும் பூச்சித் துண்டு இல்லாமல் கணக்கு முடிவதில்லை. அறிவியல் நடையின் வறட்சிக்கு நடுவே இந்த ஒரு துண்டு எனக்கு ஈரமாகத் தெரிந்தது. கொன்ற என்ற வினை அங்கே மறைக்கப்படவில்லை. வில்சன் பின்னாளில், 2010இல், 'எறும்புப் புற்று' என்று ஒரு நாவலும் எழுதினார். அதன் நடுப்பகுதியை எறும்புகளின் மட்டத்தில் இறங்கி எழுதியிருக்கிறார். ராணி செத்த பிறகும் அவள் உடலின் வாசனை மிச்சமிருப்பதால் பிள்ளைகளுக்கு அது தெரிவதில்லை என்ற இடம் நிஜமாகவே நல்ல எழுத்து. இருந்தாலும் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தச் சமையல் குறிப்பு இருக்கும் அத்தியாயத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

இனி நம் காலத்து வடிவம். இன்று எறும்பு இலக்கியம் என்று ஒன்று இருந்தால் அதன் பெரும்பகுதி காணொளிதான். ஆன்ட்ஸ்கனடா என்ற யூட்யூப் சேனலைத் தெரியாத எறும்புப் பைத்தியம் கிடையாது. பல லட்சம் பேர் பின்தொடரும் தொடர்கதை அது. நெருப்பெறும்புக் கூட்டத்துக்கு 'நெருப்பு தேசம்' என்று பெயர், ராஜ்ஜியங்கள், படையெடுப்புகள், தப்பியோட்டங்கள், அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற ஏக்கம். கதைசொல்லல் என்ற அளவில் கெட்டிக்காரத்தனமானது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் அக்கா மகன் எறும்பிடம் போனதே அதைப் பார்த்துத்தான்.

ஆனால் இந்த வகைக் காணொளிகள் பலவற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு இலக்கணம் பிடிபடும். கூட்டத்துக்குப் பெயர் உண்டு, ராணிக்குப் பட்டம் உண்டு, இரைக்கு மட்டும் வகைப்பெயர்: ஒரு கரப்பான், ஒரு பாச்சை, பொதுவாக 'ப்ரோட்டீன்'. அது சட்டகத்துக்குள் நுழையும்போதே செத்தோ, சாகப்போகிறதாகவோ இருக்கிறது. அதற்கு முன்கதை கிடையாது. அப்புறம் விரைவோட்டத்தில் சில வினாடிகளில் ஒரு உடல் வெறும் தோடாகும். பின்னணியில் இசை ஏறும். லப்பக்கின் மேசை ரத்தமில்லாதது என்றேன், இந்த மேசையில் ரத்தம் தாராளம், ஆனால் உடம்பு யாருடையதும் இல்லை. இரண்டும் ஒரே மறைப்பின் இரண்டு வகைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. 'ப்ரோட்டீன்' என்ற சொல் இருக்கிறதே, அது அபாரமான சொல். கசாப்புக்கடைக்காரர் வெட்டிய பிறகு ஆடு கறியாகிறது. இங்கே வெட்டுக்கிளி உயிரோடு இருக்கும்போதே ப்ரோட்டீன் ஆகிவிடுகிறது.

தமிழில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். எறும்புக்கு ஊட்டுவது என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது அரிசிமாவுக் கோலம். வாசலில் போட்ட மாவை எறும்பு சாப்பிடும், அதுவே புண்ணியம் என்று பாட்டிகள் சொல்வார்கள். இப்போது பெரும்பாலான வாசல்களில் கல்மாவு, எறும்பு முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது. சங்கப் பாடல்களில் எனக்கு ரொம்பப் பிடித்த எறும்பு புறநானூறு 173இல் வருவது. சிறுகுடி கிழான் பண்ணனைப் பற்றிச் சோழன் கிள்ளிவளவன் பாடியது, ஒரு அரசன் ஊர்க்காரன் ஒருவனைப் பாடிய அபூர்வமான பாட்டு. பண்ணன் வீட்டில் சோறு வாங்கிய பிள்ளைகள் கையில் சோற்றோடு வரிசை வரிசையாகப் போவதைப் பார்த்தால், மழை வருமுன் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் எறும்பு ஒழுக்கு மாதிரி இருக்கிறதாம். பசி தீர்ந்த பிள்ளைகளின் சந்தோஷத்தைச் சொல்ல எறும்பை அழைத்த கவி கண் அசாத்தியமானது. உவமை துல்லியமும்கூட. எறும்பு தூக்கிப் போவது தன் குஞ்சுகளை, பிள்ளைகள் தூக்கிப் போவது தங்கள் சோற்றை, இரண்டும் கையில் வெள்ளையாக இருக்கிறது.

ஆனால் அங்கேயும் எறும்பு சைவம்தான். கோலத்து எறும்பு, பண்ணன் வீட்டு எறும்பு, பழமொழியில் கல்லைத் தேய்க்கும் எறும்பு, தொட்டால் பாவம் என்கிற பிள்ளையார் எறும்பு. மாமரத்து முசிறு பச்சைப்புழுவைப் பத்துப் பேராக இழுத்துப் போவதையும், மழைக்கு மறுநாள் விளக்கடியில் குவிந்த ஈசலைக் கட்டெறும்புகள் சுமந்து போவதையும் பார்க்காதவர் யார்? எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈசலை வறுத்துப் பொரியோடு தின்ற ஊர்க்காரர்கள்தானே நாம், எறும்புக்கும் நமக்கும் அந்த விளக்கடியில் போட்டியே நடந்திருக்கிறது. அந்த எறும்பு எழுத்துக்குள் பெரிதாக வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. வேட்டையாடும் எறும்பை நாம் நீதிக்கதைக்குள் விடவில்லை, விட்டால் நீதி கெட்டுவிடும்.

இதெல்லாம் உணர்ச்சிவசப்படல், ஒரு வெட்டுக்கிளிக்கு இத்தனை பக்கமா என்று கேட்கலாம். அம்மா மூட்டைப்பூச்சி நசுக்கினாரே அதற்கும் கட்டுரை எழுதுவாயா என்று ஒரு நண்பர் கேட்டே விட்டார். நான் கொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. எறும்பு வளர்த்தால் கொன்றுதான் ஆக வேண்டும். கட்டெறும்புக்கு அரிசிமாவு மட்டும் போட்டுப் புழு வளர்க்க முடியாது. விதை சேர்த்து அரைத்து உண்ணும் அறுவடை எறும்புகளுக்குக்கூடப் பூச்சி சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் வளர்ப்பவர்கள். என் கேள்வி சொல்வதைப் பற்றியது. ஒன்றை நேசித்து எழுதுவதற்காக இன்னொன்றைப் பெயரில்லாமல் ஆக்குவது கட்டாயமா?

ஒரு நடைமுறைப் பக்கமும் இருக்கிறது. ஜெர்மனியின் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகள் 63இல் 27 வருடம் பொறி வைத்து எடுத்த கணக்கு 2017இல் வெளியானது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதற்கு எறும்பு வளர்ப்பவர்கள் காரணம் இல்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க விளக்கு எரியவிட்டு விழுவதையெல்லாம் அள்ளி ஃப்ரீசரில் போடுவதற்கும், புல்லில் குனிந்து இன்றைக்கு இது ஒன்று போதும் என்று எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் ப்ரோட்டீன் கிடைக்கும். இரண்டாவதில் என்ன பூச்சி என்று பார்த்தே ஆக வேண்டும். கடைப் பூச்சியைவிட வெளியில் பிடித்த பூச்சியின் பக்கம் நான் சாய்வது இதனால்தான். சத்தில் எது உசத்தி என்று வளர்ப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வெளியில் பிடித்ததற்கு ஓர் ஊர் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது, எதையோ தின்றுகொண்டிருந்த வாய் இருக்கிறது. விஷம் தின்றதா என்று தெரிந்துகொள்ளவாவது அதன் கதையைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. டப்பாவில் வரும் மாவுப்புழு அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்க வைப்பதில்லை.

அக்கா மகன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். உண்ணி வந்தால் எந்தப் பூச்சியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதற்காக ஆரம்பித்தது, இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது. தேதி, என்ன பூச்சி, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை நாள் ஃப்ரீசர், எறும்பு எடுத்ததா இல்லையா. "பச்சை வெட்டுக்கிளி, சின்னது. கிரவுண்டு ஓரம், காலை. கோரைப்புல் தின்னுட்டு இருந்துச்சு. ரெண்டு நாள். எடுத்துச்சு, தலையை விட்டுடுச்சு." "பாச்சை. பாத்ரூம் பின்னாடி. கத்திட்டு இருந்துச்சு, பிடிச்சதும் நிறுத்திடுச்சு. எடுத்துச்சு." "ஈசல் ஆறு. ரெண்டு போதும், நாலை விட்டாச்சு." சில வரிகளுக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் சின்னப் படங்கள், கால்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாக இருக்கும்.

போன வாரம் புரட்டியபோது கண்ணில் பட்ட ஒரு வரி: "பேர் தெரியல. படிக்கட்டு பல்பு கீழ, ராத்திரி 9. உயிரோட இருந்துச்சு. ரெண்டு மீசையும் உடம்பை விட நீளம். குடுக்கல."

ஏன்டா கொடுக்கல என்று கேட்டேன். "என்னன்னே தெரியல சித்தி, எப்படிக் குடுக்கிறது" என்றான். அந்த வரிக்குப் பக்கத்திலும் படம் இருந்தது. மீசை பக்கத்துக்குள் அடங்காமல் அடுத்த வரிக்குள் போயிருந்தது.